முதியவர்களுக்கு நாடித் துடிப்பைச் சோதித்தால் பக்கவாதம் குறையுமா?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 74 வயது. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி நன்றாக இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான், அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு இருந்ததே தெரிந்தது. அப்படியென்றால் வயதானவர்கள் எல்லோரையும் முன்கூட்டியே சோதித்துவிட வேண்டியதுதானே? ஸ்வீடனில் செய்த ஆய்வு பலன் உண்டு என்கிறது, டென்மார்க் ஆய்வு இல்லை என்கிறது. எதை எடுத்துக்கொள்வது? அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 65 வயது தாண்டிய யாராக இருந்தாலும், எதற்காக மருத்துவரைப் பார்க்கப் போனாலும், மணிக்கட்டில் விரல் வைத்து நாடியின் ஒழுங்கைப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் அன்றைக்கே ஈசிஜி எடுக்க வேண்டும். 75 தாண்டியவர்களுக்கும், உங்கள் அம்மாவைப் போல அதற்குச் சற்று முன்பே பிரஷர், சர்க்கரை இரண்டும் உள்ளவர்களுக்கும், நாடி சரியாக இருந்தாலும் சில நாட்கள் தொடர்ந்து ஈசிஜி பதிவு எடுத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கும் மேலே போய், தோலுக்கடியில் கருவி வைத்து வருடக்கணக்கில் தேடினால் கோளாறு நிறையக் கண்ணில் படும், பக்கவாதம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எவ்வளவு கண்டுபிடித்தோம் என்பதைவிட, ரத்தக் கட்டியை உண்டாக்கும் அளவுக்கான கோளாறைக் கண்டுபிடித்தோமா, கண்டுபிடித்தவருக்குச் சரியான மாத்திரை போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கணக்கு. ஸ்வீடனும் டென்மார்க்கும் முரண்படுவதுபோலத் தெரிவதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது.

மருத்துவமனைகளில் எல்லோரும் சொல்வதுபோல இந்தக் கோளாறை இனி ஏஎஃப் என்றே எழுதுகிறேன். ஏஎஃப்-ல் இதயத்தின் மேலறைகள் இரண்டும் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு 350 முறைக்கு மேல் வெறுமனே துடிதுடித்துக்கொண்டிருக்கும். நடுவில், துடிப்பின் மின்சாரத்தைக் கீழே கடத்தும் கணு அத்தனையையும் கீழே விடாமல் வடிகட்டுவதால் கீழறைகள் தப்பிக்கின்றன. ஆனால் அவையும் ஒரு ஒழுங்கில்லாமல்தான் துடிக்கும். இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பை உண்டு. மேலறை சரியாகச் சுருங்காதபோது அந்தப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி பெயர்ந்து வெளியே வந்தால், அது பெருநாடி வழியாகக் கழுத்துக்கு ஏறி மூளையின் பெரிய ரத்தக் குழாய் ஒன்றை அடைக்கிறது. அடைபடும் குழாய் பெரிது என்பதால் இந்த வகைப் பக்கவாதம் மற்றவற்றைவிடக் கொடுமையாக இருக்கும். ஒரு பக்கம் முழுக்க விழுந்துபோவது, பேச்சு மொத்தமாகப் போய்விடுவது, பிழைத்தாலும் படுக்கையிலிருந்து எழ முடியாமல் போவது எல்லாம் இதில் அதிகம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல் மக்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஏஎஃப் இருந்தால் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்ற கணக்கு அங்கிருந்து 1991-ல் வந்ததுதான். அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் உண்டு: 50-களில் இருப்பவர்களின் பக்கவாதத்தில் ஏஎஃப்-ன் பங்கு 1.5 சதவீதம், 80-களில் இருப்பவர்களிடம் அது 23.5 சதவீதம். முதியவர்களைக் குறிவைத்துத் தேட வேண்டும் என்று சொல்வதற்கு இந்த ஏற்றமே போதும்.

இது தெரியாமலே இருந்துவிடக் காரணம், ஏஎஃப் உள்ளவர்களில் கணிசமானோருக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. படபடப்பு வந்தால் யாரும் ஓடி வருவார்கள். ஆனால் வயதானவர்களிடம் அது பெரும்பாலும் லேசான அசதியாக, மாடிப்படி ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்குவதாக மட்டுமே இருக்கும். “வயசாச்சு, இனி இப்படித்தான்” என்று அவர்களே விட்டுவிடுவார்கள், வீட்டிலும் விட்டுவிடுவார்கள். சிலருக்கு அதுவும் இருக்காது. போதாததற்கு, ஏஎஃப் பல பேருக்கு வந்து வந்து போகும். ஹெல்த் செக்கப்பில் எடுக்கும் ஈசிஜி பார்ப்பது சுமார் பத்து வினாடியை. அந்தப் பத்து வினாடியில் இதயம் ஒழுங்காகத் துடித்திருந்தால் அறிக்கையில் நார்மல் என்றுதான் வரும்.

நாடி பார்ப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் கையிலேயே இருக்கிற சோதனை. அம்மாவை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, அவருடைய உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்து, கட்டைவிரலின் அடியில், எலும்புக்கும் நரம்புபோலத் தெரியும் தசைநாணுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் உங்கள் மூன்று விரல்களை லேசாக அழுத்துங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள், அதில் உங்கள் நாடியே உங்களுக்குத் தட்டும். முழுதாக ஒரு நிமிடம் பாருங்கள். எண்ணிக்கையைவிட இடைவெளியைக் கவனியுங்கள். எளிய வழி, துடிப்போடு சேர்ந்து காலால் தாளம் போட்டுப் பார்ப்பது. சாதாரணமாக இருந்தால் தாளம் தானாக உட்காரும். இடையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, கொஞ்சம் நின்று, பழையபடி தாளம் தொடர்ந்தால் அது பெரும்பாலும் வயதானவர்களுக்குச் சகஜமான எக்டோபிக் துடிப்பாக இருக்கும். ஏஎஃப்-ல் தாளமே போட முடியாது. ஒன்று சீக்கிரம் வரும், அடுத்தது தாமதமாகும், மூன்றாவது விரலுக்குத் தெரியாத அளவு மெலிந்திருக்கும். அடுத்து எப்போது வரும் என்று கடைசிவரை யூகிக்க முடியாது.

அப்படித் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். நாடியில் ஒழுங்கில்லாதவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏஎஃப் இருக்காது. நாடி சொல்வது சந்தேகத்தை மட்டும்தான், உறுதி செய்வது ஈசிஜி. ஈசிஜி தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும், அதில் ஒரு பெரிய கட்டம் என்பது 0.2 வினாடி. ஒழுங்கான துடிப்பில் ஒவ்வொரு உயரமான கூர்முனைக்கு முன்னாலும் ஒரு சின்ன மேடு தெரியும், அது மேலறை சுருங்கிய அடையாளம். ஏஎஃப்-ல் அந்த மேடு இருக்காது, அடிக்கோடு நடுங்கிக்கொண்டிருக்கும், கூர்முனைகளுக்கு நடுவே மூன்று கட்டம், அடுத்து இரண்டு, அடுத்து நாலரை என்று இடைவெளி தாறுமாறாக இருக்கும். மெஷினே தாளின் மேலே அச்சடித்துத் தரும் முடிவை மட்டும் நம்பிவிடக் கூடாது. எக்டோபிக் துடிப்புகளையும், பார்க்கின்சன் நோயாளியின் கை நடுக்கத்தையும் அது ஏஎஃப் என்று எழுதிவிடும், உண்மையான ஏஎஃப்-ஐத் தவறவிடவும் செய்யும். ஈசிஜி பார்க்கத் தெரிந்த மருத்துவர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்தாக வேண்டும்.

என் மனத்தை உறுத்துகிற ஒரு விஷயத்தையும் இங்கே சொல்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு கிளினிக்குகளில் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, அதில் வரும் எண்ணைச் சீட்டில் நாடி என்று எழுதிவிடும் பழக்கம் வந்துவிட்டது. அந்த எண் சில துடிப்புகளின் சராசரி. 82 என்று காட்டும், ஆனால் அந்த 82-ம் ஒழுங்காக வந்தனவா என்று சொல்லாது. மணிக்கட்டை ஒரு நிமிடம் தொட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஏஎஃப் இப்படித்தான் நழுவிப் போகிறது. வீட்டில் பிரஷர் பார்க்கும் டிஜிட்டல் கருவிகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். துடிப்பு ஒழுங்கில்லை என்றால் பல கருவிகள் திரையில் ஒரு குறி காட்டும். ஏஎஃப்-ஐக் கண்டறியவே வடிவமைத்த பிரஷர் கருவி ஒன்றை பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2013-ல் பரிந்துரைத்தது. உங்கள் வீட்டுக் கருவியில் அந்தக் குறி அடிக்கடி வந்தால் அதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

வெறும் நாடி பார்ப்பது எந்த அளவுக்கு உதவும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த சேஃப் ஆய்வு நல்ல சாட்சி. 50 குடும்ப மருத்துவர் மையங்களில், 65 தாண்டிய 14,802 பேர். ஒரு பிரிவில் எல்லோரையும் கடிதம் போட்டு வரவழைத்து ஈசிஜி எடுத்தார்கள். இன்னொரு பிரிவில், வேறு எதற்காவது மருத்துவரிடம் வரும்போது நாடி பார்த்து, ஒழுங்கில்லாதவர்களுக்கு மட்டும் ஈசிஜி எடுத்தார்கள். மூன்றாவது பிரிவில் வழக்கம்போல விட்டுவிட்டார்கள். வழக்கமான பிரிவில் ஆண்டுக்கு 1.04 சதவீதம் பேருக்குப் புதிதாக ஏஎஃப் தெரிந்தது. தேடிய இரண்டு பிரிவுகளிலும் அது ஏறக்குறைய ஒன்றுபோல, 1.6 சதவீதத்தை ஒட்டி இருந்தது. கடிதம் போட்டு ஊரையே அழைத்து ஈசிஜி எடுத்ததும், வந்தவரின் கையைப் பிடித்துப் பார்த்ததும் சமம். 2007-ல் இது வெளியானபோது பிரிட்டனில் விவாதத்தின் போக்கையே மாற்றியது.

இனி நீங்கள் கேட்ட ஸ்வீடன். ஸ்டாக்ஹோம், ஹாலாண்ட் என்ற இரண்டு பகுதிகளில் 75, 76 வயதில் இருந்த 28,768 பேரைச் சீட்டுப்போட்டதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அழைப்பு போனது, மறு பாதிக்குப் போகவில்லை. ஆய்வின் பெயர் ஸ்ட்ரோக்ஸ்டாப். வந்தவர்களிடம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஈசிஜி கருவியைக் கொடுத்து, தினமும் இரண்டு வேளை, அரை நிமிடம் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தச் சொன்னார்கள். இரண்டு வாரம் அவ்வளவுதான். முதல் ஈசிஜியில் புதிதாக ஏஎஃப் தெரிந்தவர்கள் 0.5 சதவீதம். இரண்டு வாரம் முடிந்தபோது அது 3 சதவீதம். ஒரே ஒரு ஈசிஜி எவ்வளவைத் தவறவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் இல்லை. இப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தொடங்கினார்கள்.

ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து, 2021-ல் முடிவு வந்தது. பக்கவாதம், மற்ற உறுப்புகளில் அடைப்பு, மருத்துவமனையில் சேரும் அளவு ரத்தக்கசிவு, மரணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அழைக்கப்பட்டவர்களில் 31.9 சதவீதம், அழைக்கப்படாதவர்களில் 33 சதவீதம். அதாவது 91 பேரை அழைத்தால் ஏழு ஆண்டில் ஒருவருக்கு இவற்றில் ஏதோ ஒன்று தவிர்க்கப்படுகிறது. சின்ன வித்தியாசம்தான், புள்ளியியல் கணக்கிலும் மயிரிழையில் தேறியது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அழைக்கப்பட்டவர்களில் வந்து கலந்துகொண்டவர்கள் 51 சதவீதம் மட்டுமே. வராத மற்ற பாதியையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. வருமானம் குறைந்த வட்டாரங்களில் வருகை இன்னும் குறைவாக இருந்தது. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களே வரவில்லை. அழைப்புக் கடிதத்தை நம்பும் எந்தத் திட்டத்துக்கும் உள்ள பெரிய பலவீனம் இது என்பது என் கருத்து.

டென்மார்க்கின் லூப் ஆய்வு வேறு வகை. 70 முதல் 90 வயது வரை, பிரஷர், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் இவற்றில் ஏதாவது ஒன்றாவது உள்ள 6,004 பேர். நாலில் ஒருவருக்கு நெஞ்சின் இடப்பக்கத் தோலுக்கடியில் ஒரு சிறு பதிவுக் கருவியை வைத்தார்கள். அது இரவு பகலாக, வருடக்கணக்கில் ஒவ்வொரு துடிப்பையும் கவனிக்கும். ஆறு நிமிடத்துக்கு மேல் ஏஎஃப் தெரிந்தாலே மாத்திரை தொடங்கும்படி சொன்னார்கள். கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதம் பேருக்கு ஏஎஃப், வைக்காதவர்களில் 12.2 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மாத்திரை சாப்பிட்டவர்களும் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் பக்கவாதமும் மற்ற உறுப்படைப்பும் சேர்த்து கருவிப் பிரிவில் 4.5 சதவீதம், எதிர்ப்பிரிவில் 5.6 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட நேர்ந்திருக்கலாம். பெரிய ரத்தக்கசிவு கருவிப் பிரிவில் சற்றுக் கூடுதல்: 4.3 சதவீதம், எதிர்ப்பிரிவில் 3.5 சதவீதம்.

ஆக, குறைவாகக் கண்டுபிடித்த ஸ்வீடனில் லேசான பலன், நிறையக் கண்டுபிடித்த டென்மார்க்கில் உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இரண்டு ஆய்வுகளும் தேடியது ஒரே பெயருள்ள இரண்டு வேறு அளவு நோயை. தினம் இரண்டு முறை அரை நிமிடம் பார்த்தே ஒருவருக்கு ஏஎஃப் சிக்குகிறது என்றால், அவருக்கு அது அடிக்கடி வருகிறது, நீண்ட நேரம் நிற்கிறது என்று அர்த்தம். நாள் முழுக்கப் பார்க்கும் கருவியோ, மாதத்தில் ஒருநாள் இரவு பத்து நிமிடம் வந்துபோனதையும் பிடித்துவிடும். பத்து நிமிட ஏஎஃப் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர்களிடம் நடந்த அசர்ட் ஆய்வின் தரவை 2017-ல் மறுபடி அலசியபோது, 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்த ஏஎஃப் இருந்தவர்களிடம்தான் பக்கவாத ஆபத்து தெளிவாக உயர்ந்திருந்தது.

2023-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதை இன்னும் கூர்மையாகக் காட்டின. இரண்டிலும் பேஸ்மேக்கர் போன்ற கருவி மட்டுமே காட்டிய, ஈசிஜியில் தெரியாத குறுகிய ஏஎஃப் உள்ளவர்கள். நோவா ஆய்வில் எடோக்ஸபான் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரையால் பக்கவாதம் குறிப்பிடும்படி குறையவில்லை, ரத்தக்கசிவு கூடியது, பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆர்ட்டீசியா ஆய்வில் அதே வகையைச் சேர்ந்த அபிக்ஸபான் சாப்பிட்டவர்களுக்கு ஆண்டுக்கு 0.78 சதவீதமும், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு 1.24 சதவீதமும் பக்கவாதம் வந்தது. குறைந்தது உண்மை, ஆனால் பெரிய ரத்தக்கசிவு 0.94-லிருந்து 1.71 ஆனது. ஆயிரம் பேரில் ஆண்டுக்கு நாலைந்து பக்கவாதத்தைத் தவிர்க்க ஏழெட்டுப் பெரிய ரத்தக்கசிவைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. பக்கவாதத்தின் விளைவு பெரும்பாலும் நிரந்தரம், குடலில் வரும் கசிவைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம் என்பதால் சிலருக்கு அந்தப் பேரம் ஏற்புடையதாக இருக்கும். எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கக்கூடிய விஷயம் அல்ல.

லூப் ஆய்வுக்குள்ளேயே ஒரு தடயம் இருக்கிறது. மேல் பிரஷர் 150 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களை மட்டும் தனியே பார்த்தால், கருவி வைத்தவர்களுக்குப் பக்கவாதம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஒரு ஆய்வைத் துண்டு துண்டாக்கிப் பார்க்கும்போது இப்படிச் சில எண்கள் தற்செயலாகவும் தென்படும், அதனால் இதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இருந்தாலும், ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் தேடினால் பலன் கூடும் என்ற திசையில்தான் அதுவும் போகிறது.

இதனால்தான் உலகில் பரிந்துரைகளும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022 ஜனவரியில், அறிகுறி இல்லாதவர்களிடம் ஏஎஃப் தேடுவது நல்லதா கெட்டதா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-ல், 65 தாண்டியவர்களுக்கு மருத்துவரைச் சந்திக்கும்போதெல்லாம் துடிப்பைப் பார்க்க வேண்டும் என்றும், 75 தாண்டியவர்களுக்கும் 65 தாண்டி வேறு ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களுக்கும் நீண்ட நேர ஈசிஜி வழியாகத் தேடுவதைப் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது. நான் ஐரோப்பியர்கள் பக்கம். நாடி பார்ப்பதற்குச் செலவு இல்லை, வலி இல்லை, தவறாகச் சந்தேகப்பட்டால்கூட இழப்பு ஒரு ஈசிஜி மட்டுமே. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்த ஊழியர் ஏற்கெனவே முதியவரின் கையில் பிரஷர் பட்டையைக் கட்டுகிறார். கூடவே ஒரு நிமிடம் மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தால், ஸ்வீடனில் அழைப்புக்கு வராமல் போனார்களே அப்படிப்பட்டவர்களை நாம் வீட்டு வாசலிலேயே அடைந்துவிடலாம்.

ஸ்மார்ட் வாட்ச் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆப்பிள் வாட்ச் வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள், 2019-ல் முடிவு வந்தது. துடிப்பு ஒழுங்கில்லை என்ற எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம். 65 தாண்டியவர்களில் அது 3 சதவீதத்தை ஒட்டி இருந்தது. எச்சரிக்கை வந்தவர்களுக்குப் பின்னர் ஒட்டுப் பட்டை ஈசிஜி அனுப்பிப் பார்த்தபோது, திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏஎஃப் இருந்தது. வாட்ச் மோசமில்லை. ஆனால் இதை வாங்கிக் கட்டுபவர்கள் பெரும்பாலும் நாற்பது வயது மகன், மகள்கள். தேவைப்படும் 74 வயதுத் தாய் அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுவார், இல்லாவிட்டால் சார்ஜ் போட மறந்துவிடுவார். அம்மா விரும்பிக் கட்டுவார் என்றால் வாங்கிக் கொடுங்கள். அப்போதும் வாட்ச் சொன்னதை வைத்து மட்டும் எந்த மாத்திரையும் தொடங்கக் கூடாது. குறைந்தது அரை நிமிட ஈசிஜி பதிவு ஒன்றை மருத்துவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதே பணத்தை ஒரு வாரமோ இரண்டு வாரமோ நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி பட்டைக்குச் செலவு செய்வது எனக்கு மேலாகப் படுகிறது. கனடாவிலும் ஜெர்மனியிலும் பிரஷர் உள்ள 75 தாண்டியவர்களிடம் இரண்டு வாரப் பட்டைகளைப் பயன்படுத்தியபோது 5.3 சதவீதம் பேருக்கு ஏஎஃப் கிடைத்தது, வழக்கமான கவனிப்பில் 0.5 சதவீதம்தான்.

ஏஎஃப் உறுதியானால் அடுத்து என்ன என்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். முதலில் மதிப்பெண் போடுவார்கள், சாட்ஸ் வாஸ்க் என்று பெயர். 65 முதல் 74 வரை வயதுக்கு 1, 75 முதல் 2. பிரஷருக்கு 1, சர்க்கரைக்கு 1, இதயச் செயலிழப்புக்கு 1, ரத்தக் குழாய் நோய்க்கு 1, முன்பு பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்பதற்கு ஒரு மதிப்பெண் கொடுத்து வந்தார்கள், 2024-ன் ஐரோப்பிய வழிகாட்டி அதை எடுத்துவிட்டது. உங்கள் அம்மாவுக்கு ஒருவேளை ஏஎஃப் தெரிந்தால் இப்போதே 3. இரண்டு வந்தாலே உறைவுத் தடுப்பு மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது.

அந்த மாத்திரை ஆஸ்பிரின் அல்ல. “ரத்தம் கட்டாம இருக்க ஒரு மாத்திரை போட்டிருக்காங்க” என்று சொல்லி வருபவர்களின் சீட்டைப் பார்த்தால் பல நேரம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின்தான் இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்த கணக்கில், பழைய உறைவுத் தடுப்பு மாத்திரையான வார்ஃபரின் ஏஎஃப் பக்கவாதத்தை 64 சதவீதம் குறைத்தது, ஆஸ்பிரின் வகை மருந்துகள் 22 சதவீதம்தான். இங்கிலாந்தில் 75 தாண்டிய 973 பேரிடம் நடந்த பாஃப்டா ஆய்வில் வார்ஃபரின் சாப்பிட்டவர்களுக்கு ஆண்டுக்கு 1.8 சதவீதமும், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு 3.8 சதவீதமும் பக்கவாதமோ அதையொத்த விபரீதமோ வந்தது. ரத்தக்கசிவில் ஆஸ்பிரின் ஒன்றும் பத்திரமாக இல்லை. இப்போது டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்றவை வந்துவிட்டன. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையை மாதாமாதம் பார்க்க வேண்டியதில்லை, மூளைக்குள் ரத்தக்கசிவு வார்ஃபரினில் வருவதில் பாதிதான்.

நம் நாட்டுக்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. இளவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்கள் இன்னும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். இந்தியாவின் ஏஎஃப் பதிவேடு ஒன்றில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது. அவர்களுக்குப் புதிய மாத்திரை சரிவராது என்று 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. வார்ஃபரின் வகையில் இருந்தவர்கள் ரிவராக்ஸபானில் இருந்தவர்களைவிடக் குறைவாக இறந்தார்கள். செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் வார்ஃபரின் வகைதான். ஆகவே ஏஎஃப் தெரிந்த உடனே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து வால்வைப் பார்க்காமல் மாத்திரை எழுதுவது இங்கே தவறாகிவிடும். தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ஹீமோகுளோபின் மூன்றையும் கூடவே பார்ப்பார்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். அபிக்ஸபானை 5 மில்லிகிராம் இரண்டு வேளை கொடுக்க வேண்டும். வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் மட்டுமே பாதியாகக் குறைக்கலாம். ‘வயசானவங்க, பாவம்’ என்று எல்லோருக்கும் பாதி அளவு எழுதுவதைப் பார்க்கிறேன். அது பக்கவாதத்தைச் சரிவரத் தடுக்காது. ரிவராக்ஸபானை வெறும் வயிற்றில் போடக் கூடாது, சாப்பாட்டோடு போட்டால்தான் உடலில் சரியாகச் சேரும். வார்ஃபரினோ அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோமோ சாப்பிடுபவர்கள் கீரையை அறவே நிறுத்த வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். எதைச் சாப்பிட்டாலும், மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது. கடுமையான வயிற்றுக் கசிவுகளில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

வீட்டில் எழும் பெரிய பயம், “அம்மா கீழே விழுந்தா என்ன ஆகும்?” என்பது. 1999-ல் ஒரு கணக்குப் போட்டார்கள்: விழுவதால் மண்டைக்குள் வரும் கசிவின் ஆபத்து வார்ஃபரினின் பலனைத் தாண்ட வேண்டுமானால் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 295 முறை விழ வேண்டும். இது மாதிரிக் கணக்கீடுதான், அப்படியே ஒருவருக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் விழுவார் என்ற ஒரே காரணத்துக்காக மாத்திரையை மறுப்பது சரியல்ல என்பதற்கு அது போதும். பாத்ரூமில் கைப்பிடி வைப்பதும், ராத்திரி விளக்குப் போடுவதும் அந்தப் பயத்துக்குச் சரியான பதில். மிகவும் தளர்ந்தவர்களுக்குக்கூட வழி இருக்கிறது. ஜப்பானில் வழக்கமான அளவு கொடுக்க முடியாத 80 தாண்டியவர்களிடம் எடோக்ஸபானை 15 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் கொடுத்தபோது, பக்கவாதமும் உறுப்படைப்பும் ஆண்டுக்கு 6.7 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தது.

இனி உங்கள் அம்மாவுக்கு. மாதம் ஒரு தடவை நீங்களே நாடியைப் பாருங்கள். அடுத்த முறை பிரஷருக்கு மருத்துவரிடம் போகும்போது ஒரு ஈசிஜியும், முடிந்தால் ஒரு வார ஒட்டுப் பட்டையும் எடுக்கலாமா என்று கேளுங்கள். எதுவும் தெரியவில்லை என்றால் ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்த்தால் போதும். இதற்கு நடுவே அவருடைய பிரஷரை 130-ஐ ஒட்டிக் கொண்டுவாருங்கள். அது ஏஎஃப் வருவதையும் தள்ளிப்போடும், ஏஎஃப்-க்குச் சம்பந்தமே இல்லாத பக்கவாதத்தையும் தடுக்கும். ஏஎஃப் தெரிந்து மாத்திரை தொடங்கினால், மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாதத்துக்கு வாங்கி வைத்துவிடுங்கள். புதிய மாத்திரைகளின் வேலை ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும், இரண்டு நாள் விட்டால் காவல் இல்லாத நிலைதான். பல் பிடுங்க, கண் ஆபரேஷன் செய்ய என்று யார் நிறுத்தச் சொன்னாலும், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டுவிட்டே நிறுத்துங்கள்.

இவ்வளவும் செய்தும் என்றாவது வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், உடனே 108-ஐக் கூப்பிட்டு, சிடி ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. போனதும் இரண்டு விவரங்களைச் சொல்லுங்கள்: கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்ததைப் பார்த்தீர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார். ஊசி போடலாமா, குழாய் விட்டுக் கட்டியை எடுக்க வேண்டுமா என்று அங்குள்ளவர்கள் முடிவெடுப்பது அந்த இரண்டு நேரங்களை வைத்துத்தான்.